ஒரே ஓவனில் இரண்டு தட்டு

அத்தியாயம் 14

போன வாரம் லைன் மேடத்தை நூலகத்து நோட்டீஸ் போர்டு முன்னால் அப்படியே நிறுத்திவிட்டுப் போனதற்கு நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். அவளும் அன்றைக்கு யாரையாவது பிடித்துத் திட்டித் தீர்க்க வேண்டும் என்றுதான் துடித்துக்கொண்டிருந்தாள்.

போர்டில் ஒட்டியிருந்தது ஒரு சின்னக் காகிதம். நூலகத்தின் கீழ்த்தளத்தில் புதிதாகத் திறக்கப் போகும் சிற்றுண்டிக் கவுண்டரை நடத்த ஓர் ஆள் வேண்டும். நாற்பத்தேழு பேர் விண்ணப்பித்ததில் கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். முதல் வரியில் லைன் மேடத்தின் பெயர். இரண்டாவது வரியில் அவளுடைய நாத்தனாரின் பெயர்.

வேறு யாராவது என்றால் பரவாயில்லை. பாப்பா! நாற்பத்தொரு வயதாகியும் குடும்பத்தில் எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுகிற கணவனின் தங்கை. அதே கட்டடத்தில் மேல் மாடியில் தனியாக இருக்கிறவள். ஒரு வாரமாகத் தன் ஓவனை அண்ணிக்குத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளும் மனு போட்டிருக்கிறாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லைன் மேடம் என்பது சட்டைத் தொழிற்சாலை வைத்த பெயர். பத்தொன்பது வருஷம் அங்கே காலர் லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். ஆறு மாதத்துக்கு முன்னால் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினேழு இடங்களில் ஏறி இறங்கினாள். பதினேழு இடத்திலும் விண்ணப்பத்தில் வயதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, வேலை வரவில்லை. நூலகத்தில்தான் யாரும் சிரிக்கவில்லை. இந்த வேலை அவளுக்கு வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை. மாலை மூன்று மணிக்குக் கடைசிச் சுற்று.

காலை ஏழு மணிக்கு அவள் கணவர் சமையலறை வாசலில் நின்று டீயை ஊதிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எது நின்றாலும் இறங்கிப் போய்ச் சரிசெய்துவிடுவார். இரண்டு நாளாக வீட்டில் நின்றுபோயிருப்பதை மட்டும் எங்கே தொடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்னங்க, உங்க தங்கச்சிக்கு போன் பண்ணீங்களா?"

"பண்ணல."

"ஏன் பண்ணல?"

"பண்ணியிருந்தா ஏன் பண்ணீங்கன்னு கேட்டிருப்ப."

அது உண்மைதான் என்பதால் அவளுக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியது.

"சரி, மனசுல கை வச்சு சொல்லுங்க. யார் ஜெயிக்கணும் உங்களுக்கு?"

அவர் டம்ளரை மெதுவாக மேடையில் வைத்தார். கருவிப் பையைத் தோளில் மாட்டினார்.

"நூலக லிஃப்ட்டுக்கு இன்னிக்கு சர்வீஸ் போட்டு வச்சிருக்கேன். மூணு மணிக்கு நான் லிஃப்ட் பெட்டிக்கு மேல நின்னுட்டிருப்பேன். அங்க வந்து யாரும் என்னை எதுவும் கேக்க முடியாது."

"ஆம்பளைங்க எல்லாம் இப்படித்தான் தப்பிச்சுக்கறீங்க."

"தப்பிக்கல. பக்கத்துலதான் இருக்கேன்னு சொல்றேன்."

இவள் பதில் சொல்லுமுன் போன் அடித்தது. பாப்பா.

"அண்ணி, ஓவன் சூடாயிடுச்சு. வரீங்களா இல்லையா?"

என்ன தைரியம் பாருங்கள்! லைன் மேடம் போனை வெறித்தாள். போகக் கூடாது. மானம் ரோஷம் இருந்தால் அந்தப் படி ஏறக் கூடாது. ஆனால் கீழ் வீட்டில் ஓவன் கிடையாது. கடைசியாக ஒரு தடவை செய்து பார்க்காமல் மூன்று மணிக்குப் போய் நின்றால், அந்த ரோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"வரேன்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

என்ன செய்ய வேண்டும் என்பதை நூலகக் கமிட்டியே தீர்மானித்திருந்தது. பட்டை மஃபின், கிண்ண அளவுக் குட்டிக் கேக். கவுண்டரில் மாவு பிசைய இடமில்லை. அட்டைக் குழாயில் அடைத்து வரும் ரெடிமேட் மாவுதான். குழாயைத் திறந்து, மாவைத் துண்டு போட்டு, சர்க்கரையும் பட்டைத்தூளும் கலந்ததில் புரட்டி, மஃபின் தட்டின் குழிகளில் அடுக்கி, மேலே வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி ஊற்றி ஓவனில் தள்ளினால் பதினெட்டு நிமிஷம். வெந்ததும் கத்தி வேண்டாம், கரண்டி வேண்டாம். கையாலேயே துண்டு துண்டாகப் பிய்த்துச் சாப்பிடலாம். கேட்கச் சுலபம்தான்.

மேல் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாப்பா ஒரு துவாலைத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். லைன் மேடம் குழாயின் மேல் காகிதத்தை உரித்து, ஓரத்தில் கரண்டியால் ஓர் அழுத்து அழுத்தினாள். டப்பென்று வெடித்து மாவு பிதுங்கியது. ஒரு வாரமாகத் தினமும் கேட்கிற சத்தம்தான், இருந்தாலும் இருவருக்கும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன் பாப்பா என்கிட்ட சொல்லல?" கத்தரிக்கோலால் மாவை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"சொல்லியிருந்தா நீங்க விட்டுக் கொடுத்திருப்பீங்க. அப்புறம் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டியிருப்பீங்க."

"நான் எதைச் சொல்லிக் காட்டியிருக்கேன்?"

"என் பிறந்த நாளுக்கு நீங்க தைச்சுக் குடுத்த சட்டை."

"அது நல்ல சட்டை! அதை நீ போடவே இல்ல!"

"பாத்தீங்களா?"

லைன் மேடம் நறுக் நறுக்கென்று நாலு துண்டு வெட்டினாள். மறுபடியும் ஆரம்பித்தாள்.

"உனக்குத்தான் பார்லர்ல வேலை இருக்கே. தலைக்குச் சாயம் போடணும்னா பாதி ஊர் உன்னைத்தானே தேடி வருது. அதை விட்டுட்டு இதுக்கு ஏன் வர்ற?"

பாப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "போர் அடிக்குது அண்ணி."

போர் அடிக்கிறதாம்! லைன் மேடத்துக்குக் காது வரை சூடேறியது. இங்கே ஒருத்தி ஆறு மாதமாக வாசல் வாசலாக ஏறி இறங்குகிறாள். மேல் மாடியில் ஒருத்திக்குப் பொழுது போகவில்லை, அதனால் அந்த வேலை வேண்டும். துண்டுகளைச் சர்க்கரையில் போட்டு அவள் புரட்டிய புரட்டில் பட்டைத்தூள் பறந்து மேடையெல்லாம் பழுப்பானது.

தட்டு உள்ளே போனது. பதினெட்டு நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது இரண்டு பேரும் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு மஃபினைக் காணவில்லை. ஒரே ஒரு மஃபின்தான் இருந்தது, தட்டு அளவுக்கு. பன்னிரண்டு குழியும் பொங்கி, வழிந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி மெத்தைபோல் உப்பிக் கிடந்தது. லைன் மேடம் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். நாலு மஃபின் சேர்ந்து வந்தது.

என்ன நடந்தது தெரியுமா? ஒரு வாரமாகச் சரியாகத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கோபம், பதற்றம். பதற்றம் வந்தால் பத்தொன்பது வருஷப் பழக்கம் முன்னால் வந்து நின்றுவிடும். காலருக்குத் துணி வெட்டுகிறவர்கள் தைக்கிற அளவுக்கு வெட்ட மாட்டார்கள். சுற்றிலும் தையலுக்கென்று கொஞ்சம் மார்ஜின் விட்டுத்தான் வெட்டுவார்கள். அவள் கை மாவுக்கும் மார்ஜின் விட்டுவிட்டது. ஒவ்வொரு துண்டுக்கும்!

பாப்பா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அண்ணி, மாவு துணி இல்ல. துணி சுருங்கும், இது உப்பும். முக்கால் குழிக்கு மேல ஒரு துண்டு கூடப் போடாதீங்க. மார்ஜினை மேல விடுங்க."

லைன் மேடம் முறைத்தாள். "போட்டிக்காரிக்கு எதுக்கு சொல்லித் தர்ற?"

பாப்பாவின் சிரிப்பு நின்றது. "தெரியல. வாயில வந்துடுச்சு," என்றாள்.

அந்த மெத்தையை இருவரும் நின்றபடியே பிய்த்துத் தின்றார்கள். ருசி பிரமாதமாக இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூன்று மணி.

நூலகத்தின் கீழ்த்தளத்தில், வாசிப்புக் கூடத்துக்குப் பின்னால், புதிதாகக் கட்டிய சின்னச் சமையலறை. சுவரில் இன்னும் பெயின்ட் வாசனை. ஒரு நீளமான மேடை, இரண்டு அடுக்கு ஓவன் ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று. தண்ணீர்க் குழாய் இணைப்பு இன்னும் வரவில்லை. கை கழுவ வராந்தாக் கோடிக்குப் போக வேண்டும். கூடத்தில் முப்பது பேர் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பேனா விழுந்தால்கூடப் பத்துத் தலை நிமிரும் இடம் அது.

கமிட்டியில் இரண்டு பேர். ஒருவர் நூலகர், நரைத்த தலையை ஒட்ட வெட்டிக்கொண்ட, மெதுவாகப் பேசும் அம்மாள். இன்னொருவர் கண்ணாடிக்காரர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு கண்ணாடி, நெற்றியில் ஏற்றிவிட்ட இன்னொரு கண்ணாடி, கையில் விதிகள் எழுதிய தாள்.

"மூணு இருபதுக்குத் தட்டை நானே வந்து ஓவன்ல வைப்பேன். ஒரு நிமிஷம் கூடத் தர மாட்டேன். அவங்கவங்க தட்டை அவங்கவங்கதான் செய்யணும். அடுத்தவங்க கை பட்டா அந்தத் தட்டு செல்லாது," என்று படித்தார்.

"புரிஞ்சுதா?" என்றார் நூலகர்.

"புரிஞ்சுது மேடம்," என்றார்கள் அண்ணியும் நாத்தனாரும், ஒரே குரலில்.

கண்ணாடிக்காரர் வெளியே போய்க் கதவருகே நின்றுகொண்டார். மேடையில் ஆளுக்கு இரண்டு மாவுக் குழாய், சர்க்கரை, பட்டைத்தூள், கண்ணாடிக் கோப்பையில் பழுப்புச் சர்க்கரையோடு உருக்கி வைத்த வெண்ணெய். அந்த முனையில் பாப்பா, இந்த முனையில் லைன் மேடம்.

டப்! டப்! குழாய்கள் வெடித்தன. கூடத்தில் தலைகள் நிமிர்ந்தன.

லைன் மேடத்துக்கு அப்போதுதான் அது வந்தது. அந்தப் பழைய வேகம். தொழிற்சாலையில் காலை மணி அடித்து நாற்பது மெஷின் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்ததும் உடம்பில் ஏறுமே, அது. ஆறு மாதமாக எங்கேயோ தொலைந்து போயிருந்தது இதோ விரல் நுனியில் வந்து நின்றது. வெட்டு, போடு, புரட்டு, அடுக்கு. முக்கால் குழிக்கு மேல் ஒரு துண்டு இல்லை. மார்ஜின் மேலே. அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்கலாம் போல இருந்தது. நான் இன்னும் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யாரிடமாவது ஓடிப் போய்ச் சொல்லலாம் போல இருந்தது.

மூன்று பதினாலு. பன்னிரண்டு குழியும் நிரம்பின. கோப்பையை எடுத்து வெண்ணெயை ஒவ்வொரு குழியாக ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

அப்போதுதான் அந்த முனையைப் பார்த்தாள்.

பாப்பா கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தாள். சுத்தத்துக்காக என்று நூலகரிடம் சொல்லியிருந்தாள். வலது கையுறை கட்டைவிரல் பக்கம் கிழிந்து தொங்கியது. பாப்பா முகம் வெளுத்திருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடைசித் துண்டைக் கடைசிக் குழியில் வைத்தாள். வைத்தவுடன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தாள்.

"என்ன பாப்பா?"

"ஒண்ணும் இல்ல. பட்டைத்தூள் பட்டுடுச்சு. எரியுது."

"பட்டைத்தூள் பட்டா எதுக்கு எரியணும்?"

பாப்பா கையுறையை உருவினாள். ஒரே ஒரு நொடிதான் லைன் மேடம் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, தோல் வெடித்து, வெடிப்புக்குள் பழுப்புத் தூள் அப்பியிருந்தது. அதற்குள் பாப்பா கையை மார்போடு சேர்த்துக்கொண்டு வராந்தாக் குழாயை நோக்கி ஓடிவிட்டாள்.

மூன்று பதினெட்டு.

இந்த முனையில் முடிந்த தட்டு. அந்த முனையில் முடியாத தட்டு. பக்கத்தில் பாப்பாவின் வெண்ணெய்க் கோப்பை நிரம்பியபடி நின்றது.

லைன் மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள். வராந்தாப் பக்கம் பார்த்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. வெண்ணெய் இல்லாமல் அந்தத் தட்டு உள்ளே போனால் வெறும் காய்ந்த ரொட்டித் துண்டுகளாகத்தான் வெளியே வரும். வேலை இவளுக்குத்தான். யாரையும் கெடுக்க வேண்டாம். ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றால் போதும்.

சும்மா நிற்கத்தான் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் முடியாத ஒரு பீஸைத் தன் மேஜையைத் தாண்ட அவள் விட்டதில்லை. யாருடைய மெஷினில் பாக்கி இருந்தாலும், யாருடைய தப்பாக இருந்தாலும், கையில் எடுத்து முடித்துத்தான் அடுத்த மேஜைக்குத் தள்ளுவாள். அவள் மனம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை அந்தக் கோப்பையை எடுத்துவிட்டது. பன்னிரண்டு குழிக்கும் அளவாக ஊற்றியும் விட்டது. வழக்கம்போல மேடையைத் துடைத்து, இரண்டு காலிக் கோப்பைகளையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு மூலையில் வைத்தும் விட்டது.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

'அடிப் பாவி! என்ன காரியம் செஞ்சே?'

கண்ணாடிக்காரர் உள்ளே வந்தார். "நேரம் முடிஞ்சுது." மேல் அடுக்கில் ஒன்று, கீழ் அடுக்கில் ஒன்று. ஓவன் கதவு மூடியது.

பாப்பா திரும்பி வந்தபோது மேடை காலியாக இருந்தது. ஓவனைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தட்டு தெரிந்தது. அவள் தோள் இரண்டும் இறங்கின. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"போச்சு அண்ணி. வெண்ணெய் ஊத்தவே இல்ல நான். உங்களுக்குத்தான்." துண்டை இறுக்கிக்கொண்டு, "நல்லதுதான்," என்று சேர்த்துக்கொண்டாள்.

சொன்னால் பாப்பாவின் தட்டு செல்லாது. சொல்லாவிட்டால் பொய். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் லைன் மேடம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்தாவது நிமிஷம் வாசனை கிளம்பியது. பட்டையும் சர்க்கரையும் வெண்ணெயும் கொதித்துக் கலந்த வாசனை கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குள் போனது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அகராதியைத் திறந்து வைத்திருந்த ஒருவர் எழுந்து, ஏதோ தேடுவதுபோலச் சமையலறைப் பக்கமாக இரண்டு தடவை நடந்தார். லிஃப்ட் இருந்த திசையிலிருந்து "ஆஹா" என்று ஒரு குரல் வந்தது. அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தட்டுகள் வெளியே வந்தன. இரண்டும் பொன்னிறம். இரண்டிலும் பன்னிரண்டு தனித்தனி மஃபின். கண்ணாடிக்காரர் ஒவ்வொரு தட்டையும் பலகையில் கவிழ்த்து ஒன்று, இரண்டு என்று சீட்டு வைத்தார். நூலகர் முதல் தட்டில் ஒன்று எடுத்துப் பிய்த்தார். மென்றார். தலையசைத்தார். இரண்டாவது தட்டில் ஒன்று எடுத்துப் பிய்த்தார். மென்றார். இன்னொரு துண்டு பிய்த்தார். மூன்றாவது துண்டுக்கும் கை போனது.

"ரெண்டும் நல்லா இருக்கு. மயிரிழை வித்தியாசம்தான்," என்றார். "ஆனா இதுல துண்டு சின்னது, உள்ள வரைக்கும் இனிப்பு இறங்கியிருக்கு. எனக்கு ரெண்டாம் நம்பர்."

"எனக்கும்," என்றார் கண்ணாடிக்காரர், வாய் நிறைய.

ரெண்டாம் நம்பர் பாப்பா.

லைன் மேடம் கை தட்டினாள். வேகமாகத் தட்டினாள். நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

பாப்பா தட்டவில்லை, சிரிக்கவில்லை. "என்னுதா?" என்றாள். "அது எப்படி?" பலகை அருகே வந்து ஒரு மஃபினை எடுத்துப் பிய்த்தாள். சர்க்கரைப் பாகு மெல்லிய நூலாக இழுபட்டது. அடிப்பக்கம் விரலில் ஒட்டியது. அவள் அந்த விரலையே பார்த்தாள். பிறகு மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த கோப்பைகளைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

லைன் மேடம் 'வேண்டாம்' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இது செல்லாது!" என்று கத்தினாள் பாப்பா.

நூலகத்தில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. முப்பது தலைகள் நிமிர்ந்தன. யாரோ உஷ்ஷென்றார்கள்.

"உஷ்ஷாவது ஒண்ணாவது! நான் வெண்ணெய் ஊத்தல. கையைக் கழுவ ஓடிட்டேன். ஊத்தினது எங்க அண்ணி! இனிப்பு இறங்கியிருக்குன்னு சொன்னீங்களே, அந்த இனிப்பு எங்க அண்ணி கை!"

நூலகர் லைன் மேடத்தின் பக்கம் திரும்பினார். "உண்மையா?"

"ஆமா மேடம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேட்டா..." அவள் திணறினாள். "பாதியில நின்ன பீஸைப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது மேடம். நான் ஊத்தணும்னு நினைக்கல. நினைக்கறதுக்குள்ள ஊத்திட்டேன்."

கண்ணாடிக்காரர் நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கித் தாளைப் படித்தார். "விதிப்படி இவங்க தட்டு செல்லாது. அடுத்தவங்க தட்டைத் தொட்டதால அவங்களும் விதியை மீறினவங்க. அப்படிப் பாத்தா ரெண்டு பேருமே வெளியதான்."

"ரெண்டு பேருமா?" என்று ஒரு கலவரக் குரல் கேட்டது. கையில் ஸ்பானரோடு லிஃப்ட் மெக்கானிக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெட்டிக்கு மேலிருந்து எப்போது இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது.

நூலகர் பாப்பாவையே பார்த்தார். "நீங்க சும்மா இருந்திருந்தா வேலை உங்களுக்கு வந்திருக்கும்."

"தெரியும் மேடம்." பாப்பா கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினாள். "தலைச்சாயம் ஒத்துக்கல. இனிமே தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆச்சு. எல்லார்கிட்டயும் மறைச்சுக்கிட்டு தினம் போய்ட்டிருக்கேன். இதை மறைக்கறதே பெரும்பாடா இருக்கு. இன்னொண்ணையும் சேத்து மறைக்க எனக்குத் தெம்பு இல்ல."

அண்ணன்காரர் கையிலிருந்த ஸ்பானரை மெதுவாக மேடையில் வைத்தார்.

நூலகர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "உள்ள வாங்க, பேசணும்." லைன் மேடத்தைப் பார்த்து, "ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க. போயிடாதீங்க," என்றார். அலுவலக அறைக் கதவு மூடியது. உள்ளே கண்ணாடிக்காரரின் குரல் உயர்ந்தது, தணிந்தது, மறுபடி உயர்ந்தது.

வராந்தா பெஞ்சில் அண்ணியும் நாத்தனாரும் உட்கார்ந்தார்கள். நடுவில் செல்லாத தட்டு. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள் லைன் மேடம். உள்ளே என்ன பேசுகிறார்கள்? இருவருக்கும் இல்லையா? ஒருவருக்கா? யாருக்கு?

ஆனால் வாயில் வந்தது வேறு கேள்வி.

"இவ்வளவு நாள் என்கிட்ட ஏன் சொல்லல பாப்பா? தினம் தினம் மேல வந்துட்டுத்தானே இருந்தேன்?"

பாப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வந்தீங்க. ஃபேக்டரியைப் பத்திச் சொன்னீங்க. இன்டர்வியூவைப் பத்திச் சொன்னீங்க. எல்லாம் சொன்னீங்க. நீ எப்படி இருக்கேன்னு ஒரு நாள் கேக்கல அண்ணி."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவள். அதனால்தான் லைன் மேடத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆறு மாதத்தில் எத்தனை தடவை அந்தப் படி ஏறியிருப்பாள்? தன் சோகத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே படி இறங்கியிருக்கிறாள். துண்டு சுற்றிய அந்தக் கைகள் கண்ணெதிரேதான் இருந்தன.

அலுவலக அறைக் கதவு திறந்தது. நூலகர் நின்றார். கையில் ஒரே ஒரு நியமனக் கடிதம். பின்னால் கண்ணாடிக்காரர் கண்ணாடி இரண்டையும் கழற்றி வைத்திருந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"முடிவு பண்ணிட்டோம். உள்ள வாங்க," என்றார் நூலகர்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் லைன் மேடம் ஆறு மாதம் அலைந்தாள். எழுந்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"மேடம், ஒரே ஒரு நிமிஷம் இருங்க," என்றாள். நூலகர் பக்கம் பார்க்காமலே பாப்பாவின் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, வெடித்துப்போன அந்தக் கைகளைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லு பாப்பா. நீ எப்படி இருக்கே?"